உடம்படுமெய்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலை ஒட்டிக் கடந்து சென்றபோது எங்கள் வீட்டுக் கார் கொட்டகையின் கூரையைக் கொண்டுபோயிற்று. மறுநாள் காலை வெளியே வந்து பார்த்தால் ஊரே வேறாக இருந்தது. தோட்டத்து ரப்பர் மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்து வரிசை வரிசையாக விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் சாலையின் குறுக்கே கிடந்தன. கூரை இழந்த கொட்டகைக்குள் அப்பாவின் ஹெரால்டு கார் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. நிம்மதியோடு கதவைத் திறந்தேன். தரையில் தேங்கியிருந்த தண்ணீர் படியைத் தாண்டி என் காலில் வழிந்தது. இருக்கைகள் ஊறியிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். கூரையும் முன்கண்ணாடிச் சட்டமும் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை பிதுங்கி, கருப்பு மெழுகு போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா திண்ணையில் நின்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 71. கண்ணில் நீரழுத்தம், பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அவரைப் பார்த்து நான் சொன்னேன்: "நீங்கதான் அப்பா இதக் கெடுத்தது. வருசம் வருசமா வெளக்கெண்ணயத் தேய்ச்சு ரப்பரக் கொன்னுட்டீங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, சுவரைத் தொட்டபடி உள்ளே போனார். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலேய நிறுவனமான ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் 1959இல் அறிமுகப்படுத்திய வண்டி அது. வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அக்காலத்தில் கார்களின் உடலைச் சட்டகத்தோடு ஒரே கூடாகச் செய்யும் முறை பரவிக்கொண்டிருந்தது. ஆனால் ட்ரையம்ஃபுக்கு உடற்கூடு செய்து தந்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. ஆகவே தனிச் சட்டகம் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பொருத்துவது என்று முடிவு செய்தார்கள். இல்லாமையில் பிறந்த அந்த யோசனை பிறகு வசதியாகிவிட்டது. முன்மூடி அப்படியே மொத்தமாக முன்புறம் கவிழும். உள்ளே அமர்ந்து இஞ்சினைப் பழுது பார்க்கலாம். கூரையும் தனித் துண்டுதான். போல்ட்டுகளைக் கழற்றினால் தொப்பியைப் போலத் தூக்கி எடுத்துவிடலாம். இதே சட்டகத்தைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த விளையாட்டுக் காரைச் செய்தார்கள். அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. எங்கள் வீட்டு ஹெரால்டு அந்த ஸ்பிட்ஃபயருக்கு உடன்பிறந்த அக்காள் என்று சொல்லலாம். வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்த அக்காள்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. எங்களுடையது 1966ஆம் வருட வண்டி; இரண்டு கதவு. அப்பா ரப்பர் எஸ்டேட் ஒன்றில் ரைட்டராக இருந்தார். இந்தச் சொல்லைக் கேட்டால் இலக்கிய வாசகர்கள் எழுத்தாளர் என்று எண்ணக்கூடும். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கணக்கெழுதுபவர்: யார் எத்தனை மரம் வெட்டினார், எத்தனை கிலோ பால் வந்தது, ஷீட் எவ்வளவு, ஒட்டுப்பால் எவ்வளவு. அங்கிருந்த மருத்துவர் ஊர் மாறிப் போனபோது 1986இல் அவரிடமிருந்து அப்பா அந்த வண்டியை வாங்கினார். எனக்கு அப்போது ஆறு வயது.

கூரை தனியாகக் கழலும் காரில் ஒரு சிக்கல் உண்டு. கழலும் இடத்திலெல்லாம் மழையும் நுழையும். இரும்பும் இரும்பும் எவ்வளவு துல்லியமாகச் சேர்ந்தாலும் நடுவில் நூலளவு இடைவெளி இருந்தே தீரும். வண்டி ஓடும்போது சட்டகம் சற்று முறுக்கிக்கொள்ளும்; இடைவெளி அசையும். அந்த அசைவுக்கு ஏற்ப அமுங்கியும் விரிந்தும் கொடுக்கும் மென்மையான பொருள் ஒன்று நடுவில் இருக்க வேண்டும். பட்டறைகளில் அதைப் பீடிங் என்பார்கள். ஹெரால்டில் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் இடையே ஒன்று, கூரையின் பின்னடிக்கும் டிக்கிக்கு முன்னுள்ள தகட்டுக்கும் இடையே ஒன்று, கதவுகளைச் சுற்றி இரண்டு.

வாங்கிய மறுவருடமே அப்பா கூரைப் பீடிங்குகளை மாற்றினார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறிய ரப்பர் பட்டறையில் பழைய துண்டை மாதிரி காட்டி வார்த்து வாங்கினார். நம்மூர் ரப்பர். அவர் கணக்கெழுதிய மரங்களின் பால்கூட அதில் இருந்திருக்கலாம் என்று பெருமையாகச் சொல்வார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த நாற்றுகள்தாம் இலங்கைக்கு வந்தன. கிழக்கே ரப்பர் பரவியது அப்படித்தான். பிரேசிலிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊர் மலைச்சரிவில் வளர்ந்த மரம் ஒன்றின் பால், இத்தாலியர் வரைந்த கூரையின் கீழ் குமரி மழையைத் தடுத்தது.

ஒவ்வொரு வருடமும் வைகாசியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், அப்பா ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயும் பழைய வேட்டித் துணியுமாக உட்காருவார். பீடிங்குகளை முதலில் ஈரத்துணியால் துடைப்பார். காய்ந்தபின் எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் தடவி, உடனே மறுதுணியால் ஒற்றி எடுப்பார். ஐப்பசியில் வடகிழக்கு மழைக்கு முன்னால் மறுபடியும். ஒரு பூசைபோல நடக்கும் அது. கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது கிராமத்து மூடப் பழக்கமாகத் தோன்றிற்று. வயிற்று வலிக்கும் விளக்கெண்ணெய், கண் சூட்டுக்கும் விளக்கெண்ணெய், காருக்கும் அதுவேயா?

2009 வாக்கில் அப்பாவின் பார்வை குறைந்தபின் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் அதை நவீனமாக்கினேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய மஞ்சள் கிரீஸைத் தாராளமாகப் பூசினேன். வண்டிக்கென்றே செய்த பொருள் அல்லவா? முதல் வருடம் பீடிங் புதுசுபோலப் பளபளத்தது. கொஞ்சம் உப்பிக்கூட இருந்தது. நன்றாகத் தேறியிருக்கிறது என்று மகிழ்ந்தேன். எட்டு வருடம் அப்படியே செய்தேன். பிறகுதான் ஒக்கி வந்தது.

*

அதன்பின் வண்டி தார்ப்பாயின் கீழ் ஆறு வருடம் கிடந்தது. அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. 2023இல் வீட்டைப் பழுது பார்க்கையில் கொட்டகையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் முதலில் வண்டியைச் சரிசெய்ய வேண்டும். டிங்கரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். தொங்கிய பீடிங்கைக் கிள்ளி விரல்களுக்கிடையே நசுக்கினார். "சார், இது காஞ்சு செத்த ரப்பர் இல்ல. எண்ண குடிச்சுச் செத்த ரப்பர்" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. நான் சொன்னதுதான் சரி. ஆனாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆறு வருடத்துக்கு முன் சொன்ன கடுஞ்சொல்லுக்கு அப்போதும் சான்று தேடிக்கொண்டிருந்தேன் என்பதே அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்ததற்குச் சான்று. ஒரு துண்டைக் காகிதத்தில் பொதிந்து எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் கொண்டுபோய், விளக்கெண்ணெய்தானே காரணம் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் விளக்கெண்ணெய், மற்றொன்றில் இஞ்சின் எண்ணெய். இரண்டிலும் சாதாரண ரப்பர் வளையம் ஒவ்வொன்றைப் போட்டு, ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். விளக்கெண்ணெயில் கிடந்த வளையம் போட்டபடியே இருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. இஞ்சின் எண்ணெயில் கிடந்தது பருத்து, தடித்து, அவித்த சேமியாவைப் போல வழுவழுத்திருந்தது. இழுத்தேன், அறுந்தது.

நண்பர் விளக்கினார். இயற்கை ரப்பர் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட சங்கிலி. பெட்ரோலியத்திலிருந்து வரும் கிரீஸ், மண்ணெண்ணெய், இஞ்சின் எண்ணெய் எல்லாமும் அதே இனம். இனம் இனத்தை ஏற்றுக்கொள்ளும். எண்ணெய் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும். ரப்பர் உப்பும், வலுவிழக்கும். விளக்கெண்ணெயின் அமைப்பு வேறு. அதன் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் சேர்ந்த பகுதிகள் உண்டு. ஆதலால் அது ரப்பருக்குள் எளிதில் புகுவதில்லை, மேலேயே நிற்கும். பழைய கார்களின் பிரேக் திரவம்கூட விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்ததாகவே இருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாசர்களை அது கெடுக்காது என்பது ஒரு காரணம். "உங்க அப்பாவுக்கு இது யார் சொன்னது?" என்று கேட்டார்.

யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஷீட் அடிக்கும் உருளைக்குப் போட்ட கிரீஸ் ஒரு துளி ஷீட்டில் பட்டால் அந்த இடம் என்ன ஆகும் என்பதை முப்பது வருடம் பார்த்தவர் அவர். நான் தொல்காப்பியத்துக்கு உரை வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், என் வீட்டிலேயே ஒருவர் ஒரு பொருளின் இயல்பை அறிந்து அதற்குரியதைச் செய்துகொண்டிருந்தார். அதை நான் மூடப் பழக்கம் என்றேன். அவர் முப்பது வருடம் காக்க நினைத்ததை எட்டு வருடத்தில் நான் கொன்றேன். கொன்ற பழியையும் அவர்மேலேயே போட்டேன்.

*

பீடிங் மாற்றும் வேலையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். பரிகாரம் என்றெல்லாம் பெரிய சொல் வேண்டாம். செய்தவன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முயற்சி தோல்வி. சென்னைக்குப் போனபோது, அளவைக் கண்ணால் குத்துமதிப்பாக எடுத்து, பொதுவான ரப்பர் பட்டை ஒன்றை மீட்டர் கணக்கில் வாங்கி வந்தேன். அது தேவைக்கு மேல் தடிமன். கூரை கீழே இறங்கி உட்கார மறுத்தது. போல்ட்டை முறுக்கி இறக்கப் பார்த்தபோது பெரியவர் தடுத்தார். ரப்பர் அமுங்காவிட்டால் தகடு வளையும். பிறகு, இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் முன்னாள் மாணவி ஒருவர் ஹெரால்டுக்கென்றே வார்த்த பட்டைகளை அங்கே வாங்கி விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார். இப்போது வரும் பட்டைகள் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு; காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கும். இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் இழுவைக்குக் குறுக்காக விரிசல் விழுவது அதனால்தான். ஈ.பி.டி.எம்.மின் முதன்மைச் சங்கிலியில் அந்தப் பலவீனம் இல்லை. வெயிலையும் மழையையும் நெடுநாள் தாங்கும். ஆனால் கிரீஸ் அதற்கும் பகைதான்.

நான்கு பேராகக் கூரையைத் தூக்கி முற்றத்துப் பாயில் வைத்தோம். கூரை போனதும் வண்டி சட்டென்று இளமையாகிவிட்டது. அப்பா வந்து கதவின் மேல் விளிம்பைத் தடவி, அதன் மேலே கையை வீசிப் பார்த்தார். காற்றுதான் இருந்தது. உள்ளே உட்காரவேண்டும் என்றார். உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி கால்மணி நேரம் இருந்தார்.

பழைய பீடிங்கை எடுப்பதுதான் பெரிய வேலை. உருகிய வெல்லப்பாகுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பால் சுரண்டினால் தகட்டில் கீறல் விழும். மரச் சீவலால் சுரண்டினேன். அடியில் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கி போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேல்பூச்சு நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காயாத பூச்சின்மேல் பசை நிற்காது.

புதுப் பட்டையை ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது செய்யக்கூடாத பிழை ஒன்று உண்டு. பட்டை சற்றுக் குறைவதுபோல் இருந்தால் கை தானாக இழுத்து நீட்டிப் பொருத்தப் பார்க்கும். பொருந்தவும் செய்யும். ஆனால் இழுத்து ஒட்டிய ரப்பர் சில மாதங்களில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். மூலைகளில் இடைவெளி விழும். ஆகவே நடுவிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் சிறிது தளர்வாகவே கொண்டுபோய், முனையில் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். இருபுறமும் பசை பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் சேர்க்க வேண்டும். கூரையை வைத்தபின் போல்ட்டுகளை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டே போகக்கூடாது. முன்னொன்று பின்னொன்று என்று மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக. கதவுகளை இரண்டு நாள் மூடியே வைத்தோம், ரப்பர் தன் இடத்தைப் பழகிக்கொள்ள.

வகுப்பில் புணர்ச்சி இலக்கணம் நடத்தும்போது உடம்படுமெய்க்கு மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடியே சலித்திருக்கிறேன். மணி என்ற சொல்லும் ஓசை என்ற சொல்லும் நேராகச் சேர முடியாது. ஈற்றில் ஓர் உயிர், முதலில் ஓர் உயிர். நடுவே யகரம் வந்தால் மணியோசை. அந்த யகரம் மணிக்கும் உரியதல்ல, ஓசைக்கும் உரியதல்ல. பொருள் கேட்டால் அதற்குப் பொருளும் இல்லை. உடம்படாத இரண்டை உடம்படுத்துவது மட்டுமே அதன் வேலை. இந்தப் பட்டையை ஒட்டிய பிறகு எனக்கு எடுத்துக்காட்டுப் பஞ்சம் இல்லை.

*

பட்டை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் போதாது. பிடித்துப் பிடித்து வந்தால் சரி. இந்த வேலைக்கு அப்பாவை அழைத்தேன். கண் வேண்டாத வேலை. அவர் ஒவ்வொரு சாணாக நகர்ந்து இழுத்துப் பார்த்தார். வலக்கதவின் மேல் மூலையில் நின்று, "இங்க இளக்கமா இருக்கு" என்றார். நான் பார்த்தபோது தெரியவில்லை. அவர் சொன்னது சரி; கீல் சற்று இறங்கியிருந்தது.

அப்போதுதான் சொன்னேன். "அப்பா, அந்தப் பழைய பீடிங் போனது வெளக்கெண்ணயால இல்ல. நான் கிரீஸ் போட்டதுனால."

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"அப்பமே தெரியும். மணம் வந்துதே. கண்ணுதானே போச்சு."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "அதுவர நீ அந்த வண்டியத் தொட்டு நான் கண்டதில்ல மக்களே. மொத தடவயா துணிய எடுத்துட்டு நிக்க. அதுல நான் என்னத்தச் சொல்ல?"

"ஒக்கி அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்."

"அன்னைக்கு எல்லாருக்கும் மரம் விழுந்த துக்கம்."

அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் தயார் செய்திருந்த சொற்களுக்கு இடமே இருக்கவில்லை.

அவர் மௌனம் சரிதானா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த ரப்பர் தப்பியிருக்கும். நானும் அந்தக் காலை அப்படிப் பேசியிருக்க மாட்டேன். மாணவன் முதன்முதலாக எழுதிக் கொண்டுவந்த கட்டுரையில் பிழை கண்டும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்ட நாட்கள் எனக்கும் உண்டு. அவற்றில் சில பின்னால் அவனுக்குக் கேடாக முடிந்திருக்கின்றன. ஆனால் அப்பா கணக்கெழுதியவர். ஒரு பட்டைக்கும் ஒரு மகனுக்கும் கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருந்திருப்பார்.

இந்த வேலையெல்லாம் முடிந்து, 2024 ஆனி மாதச் சாரல் தொடங்கிய மாலையில் இருவரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். கூரையில் மழை விழும் ஓசை மட்டும். முன் சட்டத்தில் ஒரு துளி இல்லை. அரைமணி நேரம் கழித்து அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "பின்னால எடப்பக்கம் சொட்டுது" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்கண்ணாடியின் மூலையில் ஒரு துளி உருண்டு, நின்று, விழுந்தது. அந்தக் கண்ணாடியின் ரப்பரை நாங்கள் மாற்றியிருக்கவில்லை. "அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

மறுவருடம் வைகாசியில் அந்த ரப்பரையும் மாற்றினோம். வேலை முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து குரல் வந்தது: "எண்ண போட்டாச்சா?"

புதுப் பட்டைக்கு விளக்கெண்ணெய் தேவையில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே போதும். தொட்டும் தொடாமலும் தடவினால் கெடுதலும் இல்லை. உள்ளே போய்க் கிண்ணத்தில் விளக்கெண்ணெயை ஊற்றி, அவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தேன்.